சாட்சி சொல்லும் மருத்துவம்: சிதம்பரம் குழந்தை மணங்களை முன்வைத்து

2023 மே மாதத்தில் சிதம்பரத்துச் சிறுமிகள் சிலரின் உடல் தமிழக அரசியலின் பேசுபொருளாக ஆனது. ஆளுநர் ஆர்.என். ரவி ஆங்கில நாளிதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், நடராசர் கோயில் பொது தீட்சிதர்கள்மீது குழந்தைத் திருமணப் புகார்கள் பழிவாங்கும் நோக்கில் தொடுக்கப்பட்டன என்றார். ஆறாவது ஏழாவது படிக்கும் பெண்பிள்ளைகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு இழுத்துப்போய் இரு விரல் பரிசோதனை செய்தார்கள் என்றார். காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு மறுத்தார். சட்ட ஆலோசனை பெற்று, பெண் மருத்துவர்களைக் கொண்டுதான் பரிசோதனை நடந்தது, இரு விரல் பரிசோதனை நடக்கவில்லை என்பது அவர் விளக்கம். சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனும் மறுத்தார். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தலைமைச் செயலருக்கு நோட்டீஸ் விட்டது. அதன் உறுப்பினர் ஆர்.ஜி. ஆனந்த் மே 24 அன்று சிதம்பரத்துக்கே வந்து விசாரித்துவிட்டு, இரு விரல் பரிசோதனை நடக்கவில்லை, ஆனால் அந்தரங்க உறுப்புகள் பரிசோதிக்கப்பட்டன என்று சொன்னார். குழந்தைத் திருமணமே நடக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

விரல் போனதா போகவில்லையா. ஒரு மாதம் முழுக்க இந்த ஒற்றைக் கேள்வி. தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் இதே. அரசியல் சட்டப் பதவியில் இருப்பவர் முதல் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வரைக்கும் ஆண்கள் கூச்சமே இல்லாமல் பேசினார்கள். ஆளுநரை எதிர்த்த நம் தரப்பிலும் 'பெண் டாக்டர்தானே பார்த்தார், அப்புறம் என்ன' என்பதே பதிலாக இருந்தது. குழந்தைத் திருமணக் குற்றத்தை நிரூபிக்க ஒரு சிறுமியின் பிறப்புறுப்பை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான் வாசித்த அளவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் மருத்துவர். அந்தத் தொழிலின் குரல் அங்கே கேட்கவில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நிரூபிக்க வேண்டியவை இரண்டு: வயது, திருமணம். வயதுக்குப் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று. திருமணத்துக்குச் சாட்சிகள், படங்கள். இதில் உடம்புக்கு வேலையே இல்லை. ஆனால் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள மனைவியோடு கணவன் கொள்ளும் உறவும் வல்லுறவுதான் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அதன் பிறகு குழந்தை மண வழக்கு எதுவும் போக்சோ வழக்காக மாறலாம், போக்சோ என்றதும் மருத்துவப் பரிசோதனை என்று ஆகிவிட்டது. போக்சோ சட்டத்தின் 27ஆவது பிரிவு, சிறுமியைப் பெண் மருத்துவர் பார்க்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் வேண்டும், மறுத்தால் மறுத்ததாக எழுதிக்கொள்ள வேண்டும். சிகிச்சை அவசியமா, தடயம் கிடைக்குமா என்பதைப் பார்த்து எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். ஏட்டில் இருக்கிற இந்த அதிகாரம் நடப்பில் காவலர் கையில்தான் இருக்கிறது.

மாவட்ட மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். "தம்பி, நீங்க ஃபாரத்தைப் பாத்திருக்கீங்களா? போலீஸ்காரர் கொண்டாந்து நீட்டுவார். அதுல கட்டம் கட்டமா இருக்கும். கன்னித்திரை எப்படி, எத்தன வெரல் போவுது, இதுக்கு முன்னாடி பழக்கம் உண்டா. கட்டத்தக் காலியா விட்டா கோர்ட்டுல கூப்ட்டு வச்சிக் கேப்பான். நெரப்பிட்டா வேல முடிஞ்சிது." தப்பு என்று தோன்றவில்லையா என்றேன். "எங்களுக்குப் பாடத்துலயே அதான் இருந்திச்சி. அஞ்சு மார்க் கேள்வி. மனப்பாடம் பண்ணி எழுதுனோம்."

இரு விரல் பரிசோதனையைச் சில கெட்ட டாக்டர்களின் வக்கிரம் என்று நினைக்கிறவர்கள் இந்த அஞ்சு மார்க்கை யோசித்துப் பார்க்க வேண்டும். அது பரீட்சைக்கு வந்தது, அதாவது அறிவாக இருந்தது. அறிவு என்ற அந்தஸ்தை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் வக்கிரமாக இருக்க வேண்டிய தேவையில்லை. படிவத்தை நிரப்பினால் போதும். மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி எழுதிய ஃபூக்கோ மருத்துவப் 'பார்வை' என்று எதைச் சொன்னார் என்று நம் சிற்றிதழ்கள் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கின்றன. தென்னார்க்காட்டு டாக்டரம்மா இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டார்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது? பாரிசில் சட்ட மருத்துவம் பேசிய லியோன் துவானோ 1898இல் வெளியிட்ட நூலில் 'உண்மைக் கன்னி', 'பொய்க் கன்னி' என்று பெண்ணுடலை வகைபிரித்தார். கன்னித்திரை கிழியாமலேயே விரிந்துகொடுக்கக்கூடும், ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் அறிய வேண்டும் என்பது தர்க்கம். அதற்கு முன்பே இந்தியாவில் நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. 1850களில் வெளிவந்த நார்மன் செவர்ஸின் இந்தியச் சட்ட மருத்துவக் கையேடு, சுதேசிகள் சாட்சிக் கூண்டில் பொய் சொல்லுகிறவர்கள் என்ற நம்பிக்கைமீது கட்டப்பட்டது. வாயால் சொல்வது பொய், உடம்பு சொல்வதுதான் உண்மை என்றான பிறகு, காலனிய நீதிமன்றத்துக்கு அந்த உடம்பின் சார்பில் பேச ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மருத்துவன் வந்து உட்கார்ந்தான். 1920இல் ஜெய்சிங் மோடியின் பாடநூல் முதலில் வெளிவந்தது. திருத்திய பதிப்புகளாகத் தலைமுறை தலைமுறையாக இந்திய மருத்துவ மாணவர்களும் வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் கையில் வைத்திருந்த புத்தகம் அது. வெள்ளைக்காரன் போனான், புத்தகம் போகவில்லை.

மதுரா வழக்கு இங்கே நினைவுக்கு வர வேண்டும். 1972இல் மகாராட்டிரத்தில் ஒரு காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுபெண்மீது நடந்த வல்லுறவு. அவள் 'உறவுக்குப் பழக்கப்பட்டவள்' என்பதை வைத்துக் கீழ்நீதிமன்றம் காவலர்களை விட்டது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், உடம்பில் காயம் இல்லை, எதிர்ப்புக்கு அடையாளம் இல்லை என்று மறுபடி விட்டது. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் நான்கு சட்டப் பேராசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பெண்கள் அமைப்புகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1983இல் சட்டம் திருந்தியது. மருத்துவக் கல்லூரிப் பாடம் திருந்தவில்லை. பெண்ணின் 'ஒழுக்கக்கேட்டை' எடுத்துக்காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்கலாம் என்ற சாட்சியச் சட்டப் பிரிவு நீங்கவே 2002 வரைக்கும் ஆயிற்று.

சிதம்பரத்துக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. 1992இல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்ட ஒருவர் செத்துப்போனார். அவருடைய மனைவியைக் காவலர்கள் வல்லுறவு செய்தார்கள். ஜனநாயக மாதர் சங்கமும் மார்க்சிஸ்டுகளும் விடாமல் நின்றதால் அது வழக்காகி வளர்ந்தது. அன்றைய நாளேடுகள் அந்தக் குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்று எழுதின. தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லைக் கடந்து போக எனக்கு மனமில்லை. அழிந்தது கற்பு என்றால், கற்பு இருந்ததா என்ற கேள்வி தானாக வந்துவிடும். அதைச் சோதிக்க விரலும் வந்துவிடும். குற்றவாளியின் செயலைச் சொல்ல வேண்டிய சொல் பாதிக்கப்பட்டவளின் தகுதியைச் சொல்கிறது. பெண்ணியர்கள் சண்டை போட்டுத்தான் வல்லுறவு, வன்கொடுமை என்ற சொற்கள் நாளேட்டுக்குள் நுழைந்தன. 'கன்னித்திரை' மட்டும் மாறாமல் இருக்கிறது. சதையின் ஒரு மடிப்புக்குத் 'திரை' என்று பெயர் வைத்தாயிற்று. திரை என்றால் அதை விலக்கிப் பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா? மருத்துவத் தமிழ் கலைச்சொற்களை ஆக்கியவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

*

இதுவரை சொன்னது மருத்துவம் பெண்ணின் 'மீது' சாட்சி சொன்ன வரலாறு. பெண்ணுக்'காக' மருத்துவம் சாட்சி சொன்ன வரலாறு ஒன்றும் உண்டு. அதுவும் குழந்தை மணத்தில்தான் தொடங்குகிறது.

1890இல் கல்கத்தாவில் பூல்மணி வழக்கு. பத்து பதினொரு வயதுச் சிறுமி, முப்பது வயதைக் கடந்த கணவனுடைய உறவினால் இரத்தப்போக்கில் செத்தாள். மனைவி பத்து வயதைத் தாண்டியிருந்தால் அது வல்லுறவு அல்ல என்பது அன்றைய சட்டம். அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். அந்த ஆண்டு லக்னோவில் இருந்த மான்செல் என்ற பெண் மருத்துவர் முன்னின்று, 55 பெண் மருத்துவர்கள் கையெழுத்திட்டு வைஸ்ராய்க்கு மனுப்போட்டார்கள். தாங்கள் கையால் சிகிச்சை செய்த குழந்தை மனைவிகளின் காயங்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியவள், நடக்க முடியாமல் போனவள், மூன்றாம் நாள் இறந்தவள். பதினான்கு வயது கேட்டார்கள். 1891 சட்டம் பன்னிரண்டு தந்தது. அதற்கே மதம் போயிற்று என்று திலகர் உள்ளிட்டோர் கொதித்தார்கள்.

இந்த மனுவில் அவள் கன்னியா என்ற கேள்விக்கே இடமில்லை. உடம்புக்கு என்ன ஆயிற்று, எவ்வளவு வலித்தது, பிழைத்தாளா என்பதே விஷயம். அதே உறுப்பைத்தான் அவர்களும் பார்த்தார்கள். ஆனால் பார்த்தது நோயாளியை. செவர்சும் துவானோவும் பார்த்தது வழக்கின் தடயத்தை.

ஆனால் இந்த 55 பேரை நாம் அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. மான்செல் அமெரிக்க மிஷனரி. இந்து சமூகத்தின் காட்டுமிராண்டித்தனத்தைக் காட்டும் ஆவணமாகவும் அந்தப் பட்டியல் பயன்பட்டது. 1927இல் 'இந்திய மாதா' எழுதிய காதரின் மேயோ அதை எடுத்துப்போட்டார். தவிர, பெண் மருத்துவர் என்ற பாத்திரமே இங்கே எப்படி உருவானது? 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களை சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1885இல் சென்னையில் சாதி, கோஷா பெண்களுக்கென்று மருத்துவமனை ஏற்பட்டது. ஆணின் கை படக்கூடாத உடம்பைத் தொட ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது. மருத்துவத்துக்குள் பெண்ணுக்குக் கதவு திறந்ததில் சமத்துவ எண்ணத்தைவிட கோஷாவுக்குப் பங்கம் வரக்கூடாது என்ற எண்ணத்துக்குப் பங்கு அதிகம். 'பெண் டாக்டர்தானே பார்த்தார்' என்ற 2023இன் பதிலில் இருப்பதும் இந்தப் பழைய கோஷா தர்க்கமே. கை மாறினால் போதும், கேள்வி மாற வேண்டியதில்லை என்கிற தர்க்கம்.

சென்னையில் இந்த இரண்டாவது வரலாற்றின் உச்சம் 1927–29. மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் போய் திருமண வயதை உயர்த்தப் பேசினார். இளம் தாய்மார்களின் சாவையும் சிசுக்களின் சாவையும் தாம் கண்ட மருத்துவராகப் பேசினார். இசைவு வயதை ஆராய மோரோபந்த் ஜோஷி தலைமையில் அமைந்த குழுவில், அந்தப் பழைய கோஷா மருத்துவமனையின், அதாவது விக்டோரியா மருத்துவமனையின், கண்காணிப்பாளரான டாக்டர் பீடன் ஓர் உறுப்பினர். ஆர்க்காடு இராமசாமி முதலியார் இன்னோர் உறுப்பினர். ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கினார்கள். 1929இல் சாரதா சட்டம் நிறைவேறியது: பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. மத்தியச் சட்டசபையில் அதை மூர்க்கமாக எதிர்த்தவர்களில் ஒருவர் எம்.கே. ஆச்சாரியா. அவர் போனது தென்னார்க்காடு–செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து. அதாவது கடலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தின் பெயரால்தான் அந்த எதிர்ப்பு தில்லியில் பதிவானது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே 1929இல்தான். அப்போது அங்கே மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 1985இல் வந்தது, ராஜா முத்தையா பெயரில். மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சுகாதாரத் துறைக்குப் போய், கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று ஆனது. கல்லூரி இருப்பது சிதம்பரத்தில், பெயர் கடலூருக்கு.

முத்துலட்சுமியின் பேச்சிலும் நமக்கு இடறுகிற இடங்கள் உண்டு. ஆரோக்கியமான சந்ததி, தேசத்துக்கு உரமான தாய் என்கிற மொழி. சிறுமிக்குத் தன் உடல்மீதுள்ள உரிமை அதில் மையமல்ல, வருங்கால இந்தியனைச் சுமக்கப்போகும் கருப்பை மையம். அந்த மொழியின் வாரிசாகத்தான் பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்கள் வந்தன என்று வாதிட இடம் இருக்கிறது. அது தனிக் கட்டுரை. இங்கே எனக்கு முக்கியம், ஒரு மருத்துவர் தான் சிகிச்சையில் கண்டதை எடுத்துக்கொண்டு பொதுவெளிக்கு வந்து, மதத்தின் பெயரால் பேசிய ஆண்களின் முகத்துக்கு நேரே சொன்னார் என்பதுதான்.

தீட்சிதர் சமூகத்தில் சிறுவயது மணம் ஏன் என்பதும் ஒன்றும் மர்மமல்ல. மணமான ஆணுக்கே நடராசர் பூசையில் உரிமையும் பங்கும். எனவே பையனுக்குச் சீக்கிரம் கல்யாணம், அவனைவிடச் சின்னவளாக ஒரு பெண். சொத்தும் அதிகாரமும் ஆண்வழி போவதற்கு அந்தச் சிறுமி ஒரு சாவி. கோயில் நிர்வாகம் யாருக்கு என்ற நீண்ட வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீட்சிதர் பக்கம் தீர்ப்பளித்த பிறகு அந்தப் பங்கின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஆளுநரின் கரிசனம் இந்தச் சிறுமிகளின்மேல் என்றால், அவர்களுக்குக் கட்டப்பட்ட தாலியைப் பற்றி முதலில் பேசியிருப்பார். அரசின் கரிசனம் அவர்களின்மேல் என்றால், ஆண்களைக் கைது செய்கிற வேகத்தில் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும் முன் ஒரு நிமிடம் நின்றிருக்கும்.

காலவரிசையைக் கவனியுங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் இரு விரல் பரிசோதனை பெண்ணின் அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுகிறது என்றது. 2014இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் அதை நீக்கிப் புதிய வழிகாட்டியும் படிவமும் கொடுத்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், கன்னித்தன்மைப் பரிசோதனை எதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிவித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டில் உடனே தடை செய்யுங்கள் என்றது. அந்த வருடம் செப்டம்பர், அக்டோபரில் சிதம்பரத்தில் கைதுகள் நடக்கின்றன. அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஜார்க்கண்ட் வழக்கில், இனி இதைச் செய்கிறவர் தொழில் ஒழுக்கக்கேட்டுக் குற்றவாளி, பாடத்திட்டத்தைத் திருத்துங்கள் என்கிறது. ஒன்பது ஆண்டுகளில் அதே நீதிமன்றம் அதையே இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தது என்றால், நடுவில் மருத்துவமனைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகிக்கலாம். ஆகவேதான் 2023இல் ஆளுநர் சொன்னதைப் பலர் நம்பினார்கள். காவல்துறைத் தலைவர் உண்மையே சொல்லியிருந்தாலும், நம்ப முடியாத பழைய கணக்கு ஒன்று நமக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் இருக்கிறது.

மருத்துவத்துக்குள்ளிருந்து பேசியவரே இல்லையா? இருக்கிறார்கள். வார்தாவின் சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியரான இந்திரஜித் காண்டேகர் ஆண்டுக்கணக்காக அறிக்கை எழுதினார், நீதிமன்றம் ஏறினார். தன் துறையின் பாடநூல்களில் உள்ள கன்னித்தன்மைப் பகுதிகளை எடுத்துக்காட்டி, இது அறிவியல் அல்ல என்றார். 2019இல் மகாராட்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 'கன்னித்தன்மையின் அடையாளங்கள்' என்ற பாடத்தையே எடுத்தது. தமிழ்நாட்டில் அந்த அசைவு வந்தது மருத்துவர்களிடமிருந்து அல்ல. இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பில்தான் மருத்துவப் பாடத்திட்டத்தின் தப்பெண்ணங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதாது என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பு எழுதியவர் அவர். அந்த அடக்கம் நம் மருத்துவப் பேராசிரியர்களிடம் வரக் காணோம்.

2024 ஆகஸ்ட் 31 அன்று தேசிய மருத்துவ ஆணையம் இளநிலைப் பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிட்டது. பெண் ஓரினச்சேர்க்கை மறுபடி 'இயற்கைக்கு மாறான குற்றம்' ஆனது. கன்னித்திரையின் வகைகளும் கன்னிமையின் சட்ட மருத்துவ முக்கியத்துவமும் மறுபடி பாடத்துக்குள் வந்தன. முன்பு போராடி நீக்கிய அதே பகுதிகள். மாற்றுத்திறனாளர் அமைப்புகளும் திருநர் அமைப்புகளும் எதிர்த்ததில் செப்டம்பர் 5 அன்று வாபஸ், 12 அன்று திருத்திய பதிப்பு. ஒரு வாரத்தில் திரும்பப் பெறக்கூடிய ஒன்றை யார் எழுதினார்கள், எந்தக் குழு அங்கீகரித்தது? எழுதியவர்கள் பாமரர்கள் அல்ல, மருத்துவம் படித்து மருத்துவம் கற்பிக்கிறவர்கள். 31 அக்டோபர் 2022 தீர்ப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஒழுக்கக்கேடு என்று ஒருவர்மீது புகார் கொடுத்தால் அதை விசாரிப்பது மருத்துவக் கவுன்சில். அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் அந்த அஞ்சு மார்க்கை எழுதி வந்தவர்கள்.